மூன்றாம் தரம் கேட்டால்தான் குளிரும்

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் எதையும் ஒரு தரம் மட்டும் கேட்பது கேளாமல் விடுவதற்குச் சமம். "தேத்தண்ணி குடிக்கிறியளே?" என்று கேட்டால் முதலில் "இல்லை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்போம். (குடித்திருக்கவே மாட்டோம். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.) இரண்டாம் தரம் கேட்டால் "ஐயோ, உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்று அவருடைய சிரமத்துக்கு வருந்துவோம். மூன்றாம் தரம், கேட்டவர் சற்றுக் கோபத்தோடு "சும்மா இருங்கோ, நான் போடுறன்" என்று குசினிக்குள் போனபிறகுதான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்காருவோம். கேட்பவருக்கும் இது தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஒருவரும் தாகத்தால் இறந்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் மெல்பேணுக்கு வந்து இறங்கியபோது, பெட்டிக்குள் இருந்த கருவாட்டைச் சுங்க அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டார்கள். இந்தப் பழக்கத்தை மட்டும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே விட்டுவிட்டார்கள். கருவாட்டை விட்டுவிட்டு இதைப் பிடுங்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் விக்டோரியாவின் உயர்மலையில், ஆளரவம் இல்லாத ஒரு பனிவெளியில், ஒரு பல் வைத்தியரோடு ஒரே பைக்குள் படுக்கவேண்டிய நிலை எனக்கு வந்திருக்காது.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

அப்போது எனக்கு முப்பது ஆகவில்லை. ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் கீறுகிற வேலை. நோபல் பார்க் என்ற புறநகரில் தியாகு என்ற நண்பனோடு ஒரு வாடகை வீடு. தியாகு ஒரு கதிரையில் உட்கார்ந்தால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவான். நான் அவனுக்கு நேர் எதிர். எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. அந்தக் காலத்தில் சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகளை எல்லாம் இழுத்து மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு திங்கள் காலைவரை என்ன செய்வது? ஸ்பிரிங்வேல் வரை நடந்துபோய், பூட்டிய கடைகளின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடப்பேன். வீட்டுக்கு வந்து எதையாவது கழற்றிப் பூட்டுவேன். தியாகுவின் வானொலிப்பெட்டியை அப்படித்தான் கொன்றேன்.

"உனக்கு ஒரு கலியாணம் கட்டிவைச்சால்தான் எனக்கு நிம்மதி" என்பான் தியாகு. பெண்ணைத் தேட அவன் எழும்பமாட்டான் என்பது வேறு விஷயம்.

பெண்ணை நானே கண்டுபிடித்தேன். சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் ஆட்கள் ஒன்றுகூடியிருந்தோம். மீன் கட்லட் தட்டோடு ஒருத்தி சுற்றி வந்தாள். பெயர் ரோஸ்லின். மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்தவள், மெல்பேணில் தாதியர் பயிற்சியின் கடைசி வருடத்தில் இருந்தாள்.

"கட்லட்?"

"வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனான்."

ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். "கட்லட்?"

"ஐயோ, பரவாயில்லை."

மூன்றாம் சுற்றில் தட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பிடிங்க லா. நீங்க பாக்குற பார்வையில கட்லட்டே கூச்சப்படுது."

எடுத்துக்கொண்டேன். கட்லட்டையும் அவள் மீதான பைத்தியத்தையும் சேர்த்துத்தான். அந்த ஊரில் என்னை மூன்று தரம் கேட்ட முதல் ஆள் அவள். (அவள் இதுபோல ஐம்பது யாழ்ப்பாணத்தாருக்கு அன்று மூன்று தரம் கட்லட் நீட்டியிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.)

அதன்பிறகு அவளுக்கு விடுமுறை கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் யாரா நதிக்கரையோரம் நடந்தோம். அவளுடைய பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். வருட முடிவில் பயிற்சி முடிந்ததும் ஈப்போவுக்குத் திரும்பிப்போய் அங்கே ஆஸ்பத்திரியில் சேரப்போவதாகச் சொன்னாள். போகாதே என்று சொல்ல வாய் துடித்தது. துடித்த வாய், "அங்க இப்ப நல்ல மழையாம்" என்றது.

ஒருநாள் அவள் சொன்னாள்: "ஆகஸ்ட்ல, இங்க நல்லாப் பனி விழுற சமயத்துல, நாங்க ஸ்கீயிங் போறோம். கைட் ஒருத்தரு கூட்டிட்டுப் போறாரு. போன வருசமும் போனேன், ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒரு இடம் காலியா இருக்கு. வர்றீங்களா?"

"சேச்சே, நான் எதுக்கு."

"வர்றீங்களா?"

"உங்களுக்கு ஏன் கரைச்சல்..."

"சிவா!"

"வாறன்."

வீட்டுக்கு வந்து தியாகுவிடம் சொன்னேன். அவன் சாய்வு கதிரையில் படுத்தபடியே என்னை ஏறிட்டுப் பார்த்தான்.

"உனக்கென்ன விசரே? ஐஸ்பெட்டியைத் திறந்தாலே தும்முறவன் நீ."

"அங்க வைச்சு அவளிட்டக் கேக்கப் போறன்."

"அதை ரெயிலுக்குள்ள வைச்சுக் கேட்டால் என்ன? ஏன் மலை உச்சிக்குப் போறாய்?"

அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. வருடம் முடிவதற்குள் அவளிடம் கேட்டாகவேண்டும், நோபல் பார்க்கில் வைத்து எனக்கு வாய் வராது. மலைக்குப் போனால் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியாது.

பயிற்சி வேண்டாமா? பின்வளவில் இரண்டு மரச்சட்டங்களைக் காலில் கயிற்றால் கட்டிக்கொண்டு, ஈரப் புல்லின்மேல் சறுக்கிப் பார்த்தேன். தியாகு ஜன்னலுக்கு உள்ளே இருந்து, "முழங்காலை மடி! மற்ற முழங்கால்!" என்று பயிற்சி கொடுத்தான். (அவனும் பனியைக் கண்ணால் கண்டதில்லை.) உடை காயப்போடும் கம்பத்தோடு மோதி விழுந்து கிடந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆர் யூ ஆல் ரைட், லவ்?" என்றாள். "ஃபைன், தாங்க் யூ" என்றேன். அவள் தலை உடனே மறைந்துவிட்டது. இன்னும் இரண்டு தரம் கேட்பாள் என்று கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை கிரெக் என்ற வழிகாட்டியின் பழைய வான் வண்டியில் ஏறிப் புறப்பட்டோம். கிரெக் தாடி வைத்த நெடுவல், சுருக்கமாகப் பேசுகிறவன். எங்களோடு பில் என்ற பல் வைத்தியரும் அவருடைய மனைவி மார்கரெட்டும் வந்தார்கள். ரோஸ்லின் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். வழி முழுக்க நான் காலை ஆட்டிக்கொண்டே இருந்ததில், எனக்கு முன்னால் இருந்த மார்கரெட் தன் இருக்கையில் ஏதோ கோளாறு என்று இரண்டு தரம் குனிந்து பார்த்தாள்.

மலையடிவாரத் தங்குமிடத்தில் மறுநாள் காலை எழும்பியதும் என்னுடைய அழிவு காலம் தொடங்கியது. பில் ரோஸ்ட் பாண் ரொட்டித் துண்டை நீட்டி, "வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நோ, தாங்க் யூ" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அதைத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டார். எனக்குத் திகைப்பாகப் போய்விட்டது. கஞ்சி கேட்டார்கள், வேண்டாம் என்றேன். கஞ்சிப் பானையைக் கழுவிக் கவிழ்த்தார்கள். தேநீர் கேட்டார்கள், பரவாயில்லை என்றேன். கேத்தலில் மிச்சமிருந்ததை வெளியே ஊற்றினார்கள். என்ன ஊரடா இது என்று நினைத்தேன். ரோஸ்லின் அந்த நேரம் வெளியே தன் சறுக்குப் பலகைக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே இருந்திருந்தால் எனக்கு ஒரு வாய் கஞ்சியாவது கிடைத்திருக்கும்.

பிறகு கிரெக் எல்லோருக்கும் சப்பாத்துக் கொடுத்தான். என் கால் அதற்குள் போவதற்கே மல்லுக்கட்டவேண்டி இருந்தது. "இறுக்கமா?" என்றான். "இல்லை, இல்லை, நல்லாய் இருக்கு." அடுத்தவரிடம் போய்விட்டான். "மேலதிகமாக ஒரு சோடி கையுறை வேண்டுமா?" "வேண்டாம்." அதையும் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டான். "இதற்கு முன்னால் சறுக்கியிருக்கிறாயா?" "கொஞ்சம்." (நோபல் பார்க் பின்வளவு, ஈரப் புல், உடுப்புக் கம்பம்.)

புறப்படுவதற்கு முன் எங்களை வட்டமாக நிற்கவைத்து ஆபத்துகளைப் பற்றி ஒரு பேச்சுப் பேசினான். இது லிஃப்ட்டும் தேநீர்க் கடையும் உள்ள சறுக்குத்தளம் அல்ல, விழுந்தால் தூக்க ஆள் வராது, இருக்கிற ஐந்து பேரும்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றான். முகட்டு ஓரத்தில் காற்று பனியைக் கூரைத் தாழ்வாரம் மாதிரி நீட்டிவைத்திருக்கும், அடியில் ஒன்றும் இராது, ஆகவே ஓரத்துக்குப் போகாதே. மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும், நட்டுவைத்திருக்கிற கம்பங்களின் வரிசையை விடாதே. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"இதெல்லாம் என் பொறுப்பு. பாதையை நான் பார்ப்பேன், வானத்தை நான் பார்ப்பேன். ஆனால் உன் சப்பாத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. குளிர் முதலில் பிடிப்பது புத்தியை. பிடித்தவனுக்கே தெரியாது. அதனால் நான் கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்."

எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டியது நான். அந்தச் சிவப்புத் தொப்பி என்னைப் பார்க்கிறதா என்று பார்த்தபடி ஆட்டினேன்.

நான் சறுக்கிய அழகை விவரமாகச் சொல்ல மனம் வரவில்லை. மற்றவர்கள் முன்னால் போனார்கள், நான் பக்கவாட்டில் போனேன். ஏற்றத்தில் பின்னால் வழுக்கினேன், இறக்கத்தில் ஒரு மரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு அதைக் கட்டிப்பிடித்து நின்றேன். (நிற்பதற்கு வேறு வழி எனக்குத் தெரியாது.) அந்த மலையில் உள்ள யூகலிப்டஸ் மரங்கள் எல்லாம் குட்டை குட்டையாக முறுகி நிற்கும். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் தழுவியிருக்கிறேன். விழுகிற ஒவ்வொரு தரமும் கையுறைக்குள் பனி போய் உருகியது. கிரெக் திரும்பிப் பார்த்து, "யூ ரைட், சிவா?" என்பான். "ஃபைன்!" என்பேன். அவன் போய்விடுவான். அந்த மனிதனுக்கு என்மேல் இருந்த நம்பிக்கை எனக்கே எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு நின்றோம். பில் பழக்கேக் துண்டை நீட்டினார். இந்த முறை கட்டாயம் வாங்குவது என்று மனதைத் திடப்படுத்தித்தான் வைத்திருந்தேன். வாய் எனக்கு முந்திக்கொண்டு, "நோ, நோ, யூ ஹாவ் இட்" என்றது. ரோஸ்லின் அப்போது மார்கரெட்டின் குதிக்காலில் கொப்புளத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்றது அவள் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கணவாய்க்கு வந்தோம். மேற்குப் பக்கத்தில் வானம் கறுத்து, காற்று ஊளையிடத் தொடங்கியிருந்தது. கிரெக் எங்களை நிறுத்தினான்.

"வானம் கெட்டுப்போகிறது. இங்கிருந்து திரும்பினால் வசதியாகப் போய்ச் சேரலாம். முன்னால் போனால், மாட்டுக்காரர்கள் கட்டின ஒரு குடில் இருக்கிறது, எல்லோரும் தெம்பாக இருந்தால் அதற்குப் போய்விடலாம். ஒருவருக்கு முடியாவிட்டாலும் திரும்புவோம், வெட்கப்பட ஒன்றுமில்லை. சிவா, நீதான் கடைசியில் வருகிறாய். திரும்பவேண்டுமா?"

திரும்பவேண்டும். தலைமயிரிலிருந்து கால்விரல்வரை திரும்பவேண்டும். (கால்விரல்கள் இருக்கின்றனவா என்பதே சந்தேகம்.) ஆனால் எனக்காக நான்கு பேர் திரும்புவதா? ரோஸ்லின் முகத்தில் எப்படி முழிப்பது? "நோ, நோ, எனக்காகத் திரும்பவேண்டாம்" என்றேன். அதைச் சொல்லிவிட்டு, அவன் மறுபடி கேட்பதற்காக முகத்தைக் கொஞ்சம் சோர்வாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எங்கள் ஊரில் அந்த முகத்தைக் கண்டால் வாசலில் நிற்கிற நாய்கூட இன்னொரு தரம் கேட்கும்.

கிரெக் "குட் மேன்" என்றான். குடில் இருந்த பக்கமாய் முன்னால் போய்விட்டான். அவன் முதுகு வெள்ளைக்குள் மங்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றேன். அப்போதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது.

மேகம் இறங்கியது. கம்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்து மறைந்தன. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று புரியவில்லை. நிற்கிறேன் என்று நினைத்தால் வழுக்கிக்கொண்டிருந்தேன், வழுக்குகிறேன் என்று நினைத்தால் ஏற்கெனவே விழுந்து கிடந்தேன். முதலில் உடம்பு உதறியது. பிறகு உதறல் நின்றுபோனது. அப்பாடா, பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு குட்டை மரத்தடியில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஓர் இடத்தில் சும்மா இருக்கவேண்டும் போல் இருந்தது. தியாகு ஏன் கதிரையை விட்டு எழும்புவதில்லை என்பது விளங்கிவிட்டது. ஒரு கையுறையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, "நீயும் இரு" என்று அதற்கு இடம் கொடுத்தேன்.

கிரெக் திரும்பி வந்து குனிந்தான். "யூ ரைட்?"

"ஃபைன். நீங்க போங்கோ, நான் பிறகு வாறன்." (இதைத் தமிழில் சொன்னேனாம்.)

ஃபைன் என்ற சொல் மட்டும் அவனுக்கு விளங்கியிருக்கிறது. ஒரு நிமிடம் மூச்சு வாங்குகிறான் என்று நினைத்து, அடுத்த கம்பத்தைத் தேடிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த நேரத்தில்தான் சிவப்புத் தொப்பி என் முன்னால் வந்து மண்டியிட்டது.

"குளிருதா சிவா?"

"இல்லை."

"குளிருதா?"

"பரவாயில்லை. உங்களுக்கு ஏன்..."

அவள் என் இரண்டு கன்னத்தையும் கையால் பிடித்துத் திருப்பினாள். அந்தக் குரலில் கோபம் இருந்தது, அழுகையும் இருந்தது. "மூணாவது வாட்டி கேக்குறேன். குளிருதா?"

"ஓம்" என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு சொல்லோடு அணை உடைந்துவிட்டது. குளிருது, சப்பாத்து இறுக்கம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, கையுறை நனைஞ்சுபோச்சு, எனக்குச் சறுக்கத் தெரியாது, நிற்பாட்டவும் தெரியாது, கணவாயிலேயே திரும்பவேணும் போல இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் கத்தியதில் கிரெக் ஓடி வந்தான். நான் சொன்னதை அவள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவன் தாடிக்குள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. கடைசியாக இன்னும் ஏதோ ஒன்று சொன்னேனாம். அதை மட்டும் அவள் மொழிபெயர்க்கவில்லை.

"நான் கேட்டேனே!" என்று கிரெக் கத்தினான். "நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தேனே!"

"ஒவ்வொன்றையும் ஒரு தரம்தான் கேட்டாய்" என்றாள் ரோஸ்லின். "இவருடைய ஆட்களை மூன்று தரம் கேட்கவேண்டும்."

"ஒரு தரம் கேட்பதற்குப் பெயர்தான் கேட்பது!"

"இவங்ககிட்ட அது வணக்கம் சொல்றது மாதிரி" என்று அவள் தமிழில் முணுமுணுத்துவிட்டு, என் கையைத் தன் கோட்டுக்குள் வைத்து அழுத்திக்கொண்டாள். எனக்கு அப்போது கை இருப்பதே தெரியவில்லை என்பது என் வாழ்நாள் வருத்தம்.

குடில் நல்லவேளையாகக் கிட்டத்தில் இருந்தது. அதுவரைக்கும் என்னைக் கிரெக்கும் பில்லும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். காற்றில் நின்று என் பலகைகளைச் சுமந்ததில் மார்கரெட்டின் விரல்நுனிகள் வெளுத்துப்போய், உணர்ச்சி திரும்ப வெகுநேரம் ஆனது. என் மரியாதை மற்ற நான்கு பேரையும் கொன்றிருக்கும் என்பது அந்த விரல்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கம்தான்.

இனிப் பல் வைத்தியர் கதை. உடம்பு அப்படிக் குளிர்ந்துபோனவனுக்கு இன்னோர் உடம்பின் சூடுதான் மருந்து என்று கிரெக் சொன்னான். ஒரு கணம் என் நெஞ்சு துள்ளியது. "பில், சட்டையைக் கழற்று" என்றான்.

பில் உருண்டு திரண்ட மனிதர். வெறும் மேலோடு படுக்கைப் பைக்குள் புகுந்து, என்னையும் இழுத்து அணைத்துக்கொண்டார். முகத்துக்கு முகம், ஒரு சாண் இடைவெளி. சற்று நேரத்தில் உதறல் திரும்பி வந்தது, நல்ல அறிகுறி என்றார்கள். என் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன. பில் அவற்றை உற்றுப் பார்த்தார்.

"கீழ்க் கடைவாயில் ஒரு சூத்தை இருக்கிறது, தெரியுமா?" என்றார். "வலிக்கிறதா?"

"நோ, நோ, ஃபைன்."

குடிலுக்குள் இருந்த மற்ற மூன்று பேரும் ஒரே குரலில், "திரும்பக் கேளுங்கள்!" என்று கத்தினார்கள். மூன்றாம் தரம் ஒப்புக்கொண்டேன். அந்தப் பல்லைப் பிறகு அவர்தான் பிடுங்கினார்.

மறுநாள் காலை வானம் ஒன்றுமே நடக்காதது மாதிரி நீலமாக இருந்தது. நான் குடில் வாசலில், வீங்கிய காலில் கம்பளிக் காலுறை மட்டும் போட்டுக்கொண்டு, கையில் கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். (மூன்று தரம் கேட்டுத்தான் தந்தார்கள். கிரெக் ஒவ்வொரு தரத்துக்கும் ஒவ்வொரு விரலை மடக்கி எண்ணினான்.) அவமானத்தில் நிமிரவில்லை. கேட்க வந்ததை இனி எந்த முகத்தோடு கேட்பது? எல்லாம் முடிந்தது, அவள் ஈப்போவுக்குப் போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ரோஸ்லின் வந்து என் முன்னால் நின்றாள்.

"நேத்து அந்த மரத்தடியில கடைசியா என்னா சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லை."

"என்னைக் கலியாணம் கட்டக் கேக்கத்தான் மலைக்கு வந்தேன்னு சொன்னீங்க."

கஞ்சி என் மடியில் கொட்டியது.

"உங்களை விட்டா நீங்க கேக்கவே மாட்டீங்க. அதனால நானே கேக்குறேன். ஒரு வாட்டிதான் கேப்பேன் லா, நல்லாக் கேட்டுக்குங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் யாரா நதிக்கரையில் நான் ஏங்கிக்கிடந்த கேள்வி. உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. வாயைத் திறந்தேன்.

"ஐயோ, உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "சரி லா" என்றாள். திரும்பி, பலகைகளை மாட்டிக்கொண்டு, அழகாகச் சறுக்கிப் போய்விட்டாள்.

நான் எழும்பி ஓடினேன். காலுறையோடு ஓடினேன். காலடியில் இருந்த பனி பொலபொலவென்று இடிந்து, இடுப்புவரை உள்ளே போய்விட்டேன். அங்கிருந்தபடியே, "ஓம்! கட்டுறன்! ரோஸ்லின், ஓம்!" என்று மலை முழுக்கக் கேட்கக் கத்தினேன். சத்தம் கேட்டு கிரெக் குடிலுக்குள் இருந்து தலையை நீட்டினான். "யூ ரைட், சிவா?"

"நோ!" என்று அலறினேன். "ஐ ஆம் நாட்!"

முதல் தரம் கேட்டதற்கே நான் உண்மை சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தூரத்தில் சிவப்புத் தொப்பி நின்றது. திரும்பியது. அவள் சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல், அன்று முதல்முறையாக அவளும் விழுந்தாள்.

அடுத்த வருடம் அதே தேவாலய மண்டபத்தில் எங்கள் கலியாண விருந்து. கிரெக் கோட்டும் டையுமாக வந்திருந்தான். எங்கள் பழக்கத்தைக் கற்றுக்கொண்ட பெருமையில், பரிமாற வந்தவனிடம் முதல் தரம் கம்பீரமாக "நோ, தாங்க் யூ" என்று சொல்லிவிட்டு, ஒரு கண்ணை எனக்குச் சிமிட்டிக்காட்டிக் காத்திருந்தான். பரிமாறியது தியாகு. வாழ்க்கையில் எழும்பி நின்று வேலை செய்த ஒரே நாள். சீக்கிரம் முடித்துவிட்டுக் கதிரைக்குப் போகிற அவசரத்தில், வேண்டாம் என்றவர்களை அவன் இரண்டாம் தரம் பார்க்கவே இல்லை. கிரெக் வெறும் வயிற்றோடு வான் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான் என்று பிறகு மார்கரெட் சொன்னாள்.

இப்போது மகள் சிட்னியில் டூங்கபியில் இருக்கிறாள். அவள் வீட்டில் யார் எதை நீட்டினாலும், பேரப்பிள்ளைகளில் சின்னதிலிருந்து பெரியதுவரை என்னைப் பார்த்துக்கொண்டு, "ஐயோ, உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்றுதான் சொல்லும். ஆங்கிலத்தைத் தவிர ஒன்றும் பேசாத மருமகனுக்கும் தமிழில் தெரிந்த ஒரே வசனம் அது.

ரோஸ்லின் சொன்ன சொல் தவறாதவள். சோறு வேண்டுமா, தேநீர் வேண்டுமா, எதுவானாலும் இன்றுவரை ஒரு தரம்தான் கேட்பாள். வாய் தவறி வேண்டாம் என்று சொல்லிப் பட்டினி கிடந்த நாட்கள் எனக்கு நிறைய. ஒரு கேள்வி மட்டும் விலக்கு. ஆகஸ்ட் மாதத்தில் நான் வெளியே போய்விட்டு உள்ளே வந்தால், குசினி வாசலில் நின்று, "குளிருதா?" என்பாள். இல்லை என்பேன். "குளிருதா?" பரவாயில்லை என்பேன். வந்திருக்கிற பேரப்பிள்ளைகள் கண்ணை உருட்டுவார்கள். அவள் மூன்றாம் தரமும் கேட்பாள், அதே குரலில், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து.

வேர்த்துக் கொட்டினாலும் "ஓம்" என்றுதான் சொல்வேன்.